பெரியம்மா சொன்னதில் பாதி

தேவிகுளத்துக்கு ஜீப்பில் போன அந்தக் காலையில் பெரியம்மா அங்கே பேச வேண்டியதை வழி முழுவதும் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். மாதா கோயிலுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலை கட்டியிருந்தார். பக்கத்தில் அக்கா, அவருடைய ஒரே மகள். முப்பது வயதைத் தாண்டியும் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். தெரியாதவர்களைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

பெரியம்மா சூரியநெல்லி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆனாலும் அக்காவைப் போன்ற பிள்ளைகள் உள்ள வீடுகளை லயம் லயமாக, தொழிலாளர் குடியிருப்பு வரிசை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் அந்தத் தாய்மார்களை ஒன்றுசேர்த்தவர் அவர்தான். மனுக்களை நான் எழுதித் தருவேன். எதை எழுதினாலும், "பென்ஷன் கெடக்கட்டும் ஏட்டி, எங்களுக்குப் பொறவு யாருன்னு மொதல்ல எழுது" என்பார். பல வருஷம் கழித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தைத் திருத்துவதற்குக் கருத்துக் கேட்க கேரளச் சட்டமன்றக் குழு ஒன்று தேவிகுளம் வந்தது. நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, மலையாளம் படித்தவள். அதனால் அவர் பேசுவதை மொழிபெயர்க்க நானே உட்கார்ந்தேன்.

பெரியம்மா எழுந்து நின்று பேசினார். "இவளுக்கு முந்தி நான் கண்ண மூடிரக் கூடாதுன்னு தெனமும் ஜெபம் பண்ணுதேன்யா. இவள மொதல்ல எடுத்துக்கோ ஆண்டவரேன்னு கேக்கேன். பெத்தவ கேக்குற ஜெபமாய்யா இது? எங்களுக்குப் பொறவு இவுக இருக்க ஒரு எடம், பாக்க ஒரு ஆளு. அத சட்டத்துல எழுதுங்க."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. பெற்ற மகள் சாகவேண்டும் என்று ஒரு தாய் கேட்பதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அக்கா வேறு பக்கத்தில் இருந்தாள். அவள் அதைத் தமிழிலேயே கேட்டுவிட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மகளின் எதிர்காலத்தை நினைத்து அம்மா கவலைப்படுகிறார், உதவி வேண்டும் என்கிறார் என்று மலையாளத்தில் சொல்லி முடித்தேன். உறுப்பினர்கள் தலையாட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள்.

திரும்பும்போது பெரியம்மா கேட்டார்: "ஏட்டி, நான் அம்புட்டு நேரம் பேசுனேன், நீ ரெண்டே வார்த்தைல முடிச்சுட்ட. முழுசும் சொன்னியா?"

"சொன்னேன் பெரியம்மா."

அறிக்கை வந்தபோது பென்ஷனும் பஸ் சலுகையும் இருந்தன. பெற்றோருக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் விட்டதால்தான் என்று சொல்ல முடியாது; சொல்லியிருந்தாலும் வராமல் போயிருக்கலாம். பெரியம்மா மறுவாரமே அடுத்த மனுவுக்குத் தாள் வாங்கி வந்தார்.

இரண்டு மழைக்காலம் கழித்து நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். வேலைக்குப் போக ஆள் இல்லாத வீட்டை எஸ்டேட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். அக்காவை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாயங்காலமானால் வாசலுக்குப் போய், "அம்மா கொழுந்த எடை போட்டுட்டு வருவா" என்று நிற்பாள். என் கையால் ஊட்டினால் துப்பிவிடுவாள். நான் வேலைக்குப் போன நேரத்தில் இரண்டு முறை ரோட்டுக்கு ஓடிவிட்டாள். நான்கு மாதம்தான் என்னால் முடிந்தது. மலைக்குக் கீழே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

இந்த வருஷம் மீண்டும் ஒரு குழு வந்தது. இம்முறை நான் மொழிபெயர்க்கப் போகவில்லை. குடும்பத்தாரில் ஒருத்தியாகப் பேசப் போனேன். பெரியம்மாவின் ஜெபத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் மலையாளத்தில் சொன்னேன். ஒரு பெண் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார், அந்த மகள் இப்போது யாருடன் இருக்கிறாள் என்று.

"சொந்தக்காரர்கள் யாருடனும் இல்லை. இல்லத்தில் இருக்கிறாள்."

"யார் கொண்டுபோய் விட்டது?"

"நான்தான்," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்ட பிறகும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.