கூழாங்கல் கரையில் ஓர் அருவி

காலையில் பால் வாங்கப் போக வேண்டுமென்றால் நான் முதலில் காலில் பலகை கட்டிக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் இருக்கும் இந்த இங்கிலாந்துக் கடற்கரையில் மணல் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் கூழாங்கல்தான். இவர்கள் ஷிங்கிள் என்கிறார்கள். வெறும் பூட்ஸோடு இறங்கினால் ஓர் அடி முன்னால் வைத்து முக்கால் அடி பின்னால் சறுக்குவோம். அதனால் அகலமான பலகையில் தோல் வார் அடித்து, அதில் பாதத்தை நுழைத்து, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் வாத்து கோர்ட்டுக்குப் போவது போல் இருக்கும். என் வீடு, சக்கரம் கழற்றிய ஒரு பழைய ரயில் பெட்டி. ஜன்னலுக்கு மேலே தலையை வெளியே நீட்டாதே என்று இன்னும் எழுதியிருக்கிறது. நீட்டினால் தெரிவது அணுமின் நிலையம்.

இதையெல்லாம் ஊருக்கு எழுதினேன். குற்றாலத்திலிருந்து மாடசாமி பதில் போட்டான்: "ஏலே, அணுகுண்டு பக்கத்துலயா குடியிருக்கே? இருட்டுல மினுங்குதியா? மினுங்குனா இங்கன வந்துரு, மண்ணெண்ணெய்ச் செலவு மிச்சம்."

மாடசாமியும் நானும் சீசனில் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. தென்காசியில் வந்து இறங்குகிற மனிதரின் முதுகைப் பார்த்தே அவர் குமாஸ்தாவா போலீஸா என்று சொல்லக் கற்றது அதற்கப்புறம்தான். ஓர் ஐப்பசியில், சீசன் முடிந்து கையில் வேலை இல்லாதபோது, கேரள எல்லையில், புளியறையில் நின்ற லாரியில் ஏறினேன். லாரி கொச்சியில் விட்டது, கப்பல் சமையலறை லண்டனில் விட்டது. பாத்திரம் கழுவினேன், நிலக்கரி அள்ளினேன், ஒரு குளிர்காலம் முழுக்கக் கோட்டு இல்லாமல் இருந்தேன். அணுமின் நிலையம் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் இங்கே வந்தேன். அஸ்திவாரக் குழியில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்புக்குக் காவல், அதுதான் அப்போது என் வேலை.

ரயில் பெட்டியின் சொந்தக்காரர் டெட், அறுபது வயது மீனவர். இங்கே துறைமுகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் படகைக் கல்மேல் கயிறு கட்டி இழுத்து ஏற்ற வேண்டும். அந்தக் கோடையில் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. டாக்டர் ஓய்வு என்றார். இலையுதிர் காலத்து ஹெர்ரிங் மீன் வருவதற்குள் கை எழவில்லை என்றால் படகையும் பெட்டியையும் விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போய்விடுவதாக டெட் சொன்னார். படகு போனால் அந்த மனிதர் மிஞ்சமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பெட்டி போனால் நான் எங்கே போவது என்பதும் தெரியவில்லை. "எனக்குத் தேய்க்கத் தெரியும்" என்றேன்.

நல்லெண்ணெய்க்கு எங்கே போவேன்? இந்த நாட்டில் ஆலிவ் எண்ணெயைக் காதில் விடும் மருந்தாக மருந்துக்கடையில் சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள். ஆறு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என் இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் காதில் வலி?"

"காது இல்லை, முதுகு."

"முதுகில் கேட்பதில்லையா?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

டெட்டைக் கவிழ்த்த படகின் மேல் உட்காரவைத்து ஆரம்பித்தேன். எங்கள் முறை உங்களுக்குத் தெரியும்: முதலில் உச்சந்தலையில் தாளம், பிறகு முதுகில் நாலு சாத்து, பிறகு கையைப் பிடித்து ஓர் இழுப்பு. மூன்றாவது சாத்தில் அவர் மனைவி எல்சி வாணலியோடு ஓடிவந்தாள். அவள் காலில் பலகை இருந்ததால்தான் எனக்குத் தப்பிக்க நேரம் கிடைத்தது. "விடு எல்சி, இவன் நன்றாகத்தான் அடிக்கிறான்" என்றார் டெட்.

அடுத்ததாக எல்சி தகரத் தொட்டியில் வெந்நீர் ஊற்றினாள், எண்ணெய் போக உட்கார்ந்து குளிக்க. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாடசாமி வாடிக்கையாளர்களிடம் சொல்வதுதான் காதில் கேட்டது: "அண்ணாச்சி, எங்க கை பாதி வேலதான் பாக்கும். மீதிய அருவி பாத்துக்கிடும், நீங்க போய்த் தலையக் குடுங்க." மனிதன் தண்ணீரில் உட்காரக்கூடாது, தண்ணீர்தான் அவன்மேல் வந்து உட்கார வேண்டும். ஆனால் தோசைக்கல் போல் தட்டையான இந்தத் தரையில் அருவிக்கு எங்கே போக?

என் பம்பின் குழாய் நினைவுக்கு வந்தது. குழித்தண்ணீர் அந்தத் தடித்த குழாயில் ஏறி, ஓர் ஆள் உயரத்துக்கு மேலிருந்து கல்லில் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை டெட்டைக் கால்சட்டையோடு கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி வழிமறித்தார். "தண்ணீரில் அணு இருக்குமா?" என்று டெட் கேட்டார். "அணுவே இன்னும் வரவில்லை, அதற்குமுன் நீங்கள் ஏன் வந்தீர்கள்?" என்றார் மேஸ்திரி. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் விட்டுவிட்டார்.

டெட் போட்ட கூச்சலில் கடல் பறவைகள் எழுந்து பறந்தன. தண்ணீர் பனிக்கட்டி. நான் தோளைப் பிடித்து அதன் கீழேயே நிறுத்திவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூச்சல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தார். அந்த நகர்தலை நான் ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன். எட்டு ஞாயிறுகள் போனோம். ஹெர்ரிங் வந்த வாரத்தில் கை காது வரை எழுந்தது. கயிறு இழுக்க அது போதும். எண்ணெயா தண்ணீரா எது குணப்படுத்தியது என்று கேட்டேன். "ஒன்பதாவது ஞாயிற்றை நினைத்துப் பயந்து தோளே சரியாகிவிட்டது" என்றார்.

கான்கிரீட் முடிந்ததும் பம்பைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் சீசன் அத்தோடு சரி. இப்போது நிலையம் ஓடுகிறது, வெதுவெதுப்பான தண்ணீரைக் கடலில் விடுகிறது. அது கொப்பளிக்கும் இடத்தில், சீசன் அருவியில் கூட்டம் போல, பறவைகள் முண்டியடிக்கின்றன. படகிலிருந்து டெட் கரையில் நிற்கும் என்னைப் பார்த்துக் கத்துவார்: "உன் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்!" சொல்லிவிட்டு அந்த வலது கையைத்தான் ஆட்டுவார்.

போன ஆனியில் ஊருக்குப் போயிருந்தேன். நல்ல சாரல். மாடசாமி எனக்கு எண்ணெய் தேய்த்து, சாத்த வேண்டியதைச் சாத்தி, அருவிக்கு அனுப்பினான். பாறையில் நடந்தபோது பின்னாலிருந்து சிரித்தான்.

"ஏலே, என்ன காலை இழுத்து இழுத்து நடக்கே? உன் கால் எங்கனலே கெடக்கு?"

அருவிச் சத்தத்தில் கேட்காதவன் போல் தலையைக் கொடுத்தேன். முதுகில் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடியதும், எதற்கென்று தெரியவில்லை, என் வலது கை தானாக எழுந்து யாருக்கோ ஆடியது.