சிவத்த இலைகளை ஆய்ந்த சனிக்கிழமை

செல்வராசா பொய் சொல்கிறார். போன மாதம் இங்கே டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் நடந்த தமிழர் ஒன்றுகூடலில் மைக்கைப் பிடித்து, "டெனிஷ்காரர் எங்களுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை. மரம் வளக்கிற வேலையை நாங்களாத்தான் படிச்சனாங்கள்" என்றார். இளம் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் அவரும் ஒரே பிளான்டெஸ்கோலவில், அதாவது மரக்கன்று வளர்த்து விற்கும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் வந்து எட்டு மாதம். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தோடு, வேலை இருக்கிறது என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் மழையிலும் காற்றிலும் மரக்கன்றுச் சாடி தூக்கினேன்.

எங்கள் பகுதியில் ஜப்பான் மேப்பிள். இலையுதிர் காலத்து நிறத்துக்காகவே ஆட்கள் வாங்கும் மரம். இது எனக்குத் தெரியாது. ஊரில் நான் புகையிலையும் மிளகாயும் செய்தவன். அங்கே பச்சை இலை சிவந்தால் நோய். ஆய்ந்து எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டம் முழுக்கப் பரவும்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேலையில். முன்வரிசை சிவந்து கிடந்தது.

"அண்ணை, இது பரவப் போகுது," என்றேன்.

"ஓம் ஓம், ஆய்ஞ்சு விடுவம். திங்கக்கிழமை முதலாளி பாத்திட்டுத் தோளிலை தட்டுவான்," என்றார் செல்வராசா.

இரண்டு பேருமாகப் பின்னேரம் வரை ஆய்ந்தோம். நாற்பது மரம் மொட்டை. பசளையும் போட்டேன், தேறட்டும் என்று.

திங்கட்கிழமை காலை நகரசபைத் தோட்டக்காரர் நிறம் பார்த்து மரம் தெரிவு செய்ய வந்தார். முதலாளி ஹோல்கர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, வரிசையைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு கத்தின கத்து இன்னும் காதில் கிடக்கிறது. செல்வராசா எனக்கு முன்னர் வந்தவர், டெனிஷ் தெரியும். என் பக்கம் விரலை நீட்டி, "இவன்தான். நான் வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றார். அந்த அளவு டெனிஷ் எனக்கும் விளங்கியது. திருப்பிச் சொல்லத்தான் மொழி இல்லை.

"வீட்டுக்குப் போ. இனி வராதே," என்றார் ஹோல்கர்.

மேற்பார்வைக்காரி இங்கர் என்னிடம் வந்தா. பெரிய உடம்பு, கையில் எப்போதும் கத்தரி. "ஏன்?" என்று கேட்டா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ரெட். சிக்," என்றேன். ஒரு இலையைப் பொறுக்கி, எரிக்கிற மாதிரிக் கையால் காட்டினேன்.

இங்கர் கவிழ்த்து வைத்த ஒரு சாடிமேல் குந்திவிட்டா. பிறகு ஹோல்கரிடம் நிதானமாகச் சொன்னா; முழுக்க எனக்கு விளங்கியது பின்னாளில் அவ திருப்பிச் சொன்னபோதுதான்:

"இவர் ஊரில் இலையுதிர் காலம் இல்லை. ஒட்டு வைக்கக் காட்டினேன், தண்ணீர் விடக் காட்டினேன். இதைச் சொல்லவில்லை. பிழை என்னுடையது. அனுப்புவதென்றால் என்னை அனுப்பு."

செல்வராசா பக்கத்தில் நின்றார். குனிந்து சாடிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஹோல்கர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, நில்," என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தோட்டக்காரரைப் பின்வரிசைக்குக் கூட்டிப் போனார். நல்ல காலம், அங்கே நிறம் இருந்தது.

அன்று மத்தியானம் இங்கர் எங்கள் இரண்டு பேரையும் மொட்டை மரத்துக்கு முன்னால் நிறுத்தினா. இலைக்காம்பு இருந்த இடத்தில் சின்ன மொட்டு ஒன்றைக் காட்டி, "அடுத்த வருச இலை இதற்குள்ளே இருக்கிறது, மரம் சாகவில்லை" என்றா. நான் போட்ட பசளையைத் தானே வழித்து எடுத்தா. இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் கவனியுங்கள்: ஜூலைக்குப் பிறகு நைட்ரஜன் பசளை போடாதீர்கள். போட்டால் இலை பச்சையாகவே நிற்கும், இளங்கொப்புப் பனியில் கருகும். நிறம் வர வெயிலும் குளிர்ந்த இரவும் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதெல்லாம் அவ சொன்னது, நான் கண்டுபிடித்ததில்லை.

கடிதத்தையும் அவவே தட்டச்சுச் செய்து, ஹோல்கரிடம் கையெழுத்து வாங்கித் தந்தா. மனைவியும் மகளும் அடுத்த வருசம் வந்து சேர்ந்தார்கள். அந்த மனுசிக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். தெரியாதவனிடம் கோபிக்க முதல், அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தேனா என்று கேட்க அவவிடம்தான் படித்தேன்.

செல்வராசா, உம்மிடம் ஒரு கேள்வி. இங்கர் பழியைத் தன் தலையில் போட்டபோது, "நானும் சேர்ந்துதான் ஆய்ஞ்சனான்" என்று ஏன் சொல்லவில்லை? எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். அடுத்த ஒன்றுகூடலில், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி நின்று பதில் சொல்லும்.