வள்ளிக்கண்ணு அக்காவும் மைனர் என்கிற கடுவனும்

புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். ஒரு கைக்குழந்தையின் தொடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி விடாமல் அடித்தது. குழந்தையின் தாயே அதை எடுத்து என் காதில் வைத்தாள். வள்ளிக்கண்ணு அக்கா வல்லத்திராக்கோட்டையில் தன் வீட்டிலேயே விடியற்காலையில் போய்விட்டார், மாரடைப்பு என்றார்கள். உடனே கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போனால் அக்காவே எழுந்து உட்கார்ந்து திட்டுவார் என்று தோன்றியது. எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நம் செவிலியர் தோழிகளுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அடுத்த ஊர்ச் செவிலியர், வயதில் சிறியவள். ஆண்களிடம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பற்றிப் பேச நாங்களெல்லாம் கூசிக்கொண்டு நின்றபோது, டீக்கடை பெஞ்சில் அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து பேசியவர் அவர். “பெத்துக்கிறதுக்கு ரெண்டு பேரு, நிறுத்துறதுக்கு மட்டும் பொம்பளையா?” என்று கேட்பார். ஆண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் புகுந்து இரண்டொருவரைச் சம்மதிக்க வைத்துவிடுவார். அவருடைய வாய்தான் அவருடைய ஆயுதம்.

கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தார். துணைச் சுகாதார நிலையத்தோடு சேர்ந்த குவார்ட்டர்ஸில் அக்காவுக்குத் துணை ஒரு மஞ்சள் கடுவன் பூனை. அதன் போக்கைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் மைனர். நாள்கணக்கில் காணாமல் போகும். மற்றக் கடுவன்களோடு சண்டை போட்டுக் காது கிழிந்து, முகம் வீங்கி வந்து நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுவர், கதவு, குழந்தைகளை எடை பார்க்கும் துணி என்று ஓரிடம் விடாமல் வாலைத் தூக்கிப் பீய்ச்சி வைக்கும். அந்த நாற்றத்தில், பரிசோதனைக்கு வந்த மசக்கைக்காரிகள் வாசலிலேயே வாந்தி எடுத்தார்கள்.

“கோணியில போட்டுக் கட்டி ஜெகதாப்பட்டினத்துல விட்டுட்டு வந்துருங்கக்கா. மீனைத் தின்னு பொழைச்சுக்கும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனைக்கு எல்லோரும் சொல்லும் வழி அது.

“ஊருக்கே ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு சொல்றவ, என் வீட்டுல இருக்கிறவனுக்குப் பண்ண மாட்டேனா?” என்றார் அக்கா. வயர் கூடையில் மைனரை உட்கார்த்தி, மேலே துண்டைப் போட்டுக் கட்டி, புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கொண்டுபோனார். வழியெல்லாம் அது கத்திய கத்தலை நடித்துக் காட்டுவார்.

கால்நடை மருத்துவர் விதைகளை எடுத்துவிட்டு, பழைய சேட்டை உடனே நிற்காது, உடம்பில் ஊறியிருப்பது வடியச் சில வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படித்தான் ஆயிற்று. முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு மெல்ல நாற்றம் நின்றது. ஊர் சுற்றுவது குறைந்தது, சண்டை நின்றது. சாப்பாட்டு ஆசை மட்டும் கூடியது. எலி ஓடினால் பழைய பாய்ச்சல் பாயும், மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் மல்லாந்து கிடக்கும். யார் வந்தாலும் காலை உரசும். உடம்பு பெருத்துவிட்டது. முன்பு மைனரிடம் அடிவாங்கி ஓடிய ஒரு கறுப்புக் கடுவன் இப்போது வாசலேறி வந்து, அதன் தட்டிலேயே வாய் வைக்கும். மைனர் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். மாத்திரை வாங்க வந்த ஆண்கள் இதையெல்லாம் மருந்தைவிட அக்கறையாகக் கவனித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் ஒருவன் குடித்துவிட்டு, மனைவியை அடித்ததைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவை அவ மேல கைய வச்சே, ஒன்னையும் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணி மைனரு பக்கத்துல படுக்கப் போட்டுருவேன். அப்பறம் எவன் வந்து ஒன் தட்டுல தின்னாலும் பாத்துக்கிட்டேதான் கெடக்கணும்” என்றார். கடையே அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அந்தப் பேச்சு அக்கா போகாத ஊருக்கெல்லாம் போனது.

அதே ஊரில் செல்வி என்று ஒருத்தி, இரண்டு பெண்குழந்தைகளின் தாய். இதய வால்வில் கோளாறு. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது, கருத்தடைக்காக அவளை மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்பதும் ஆபத்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காப்பர் டி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்த நல்ல வழி, கணவன் முருகேசன் செய்துகொள்வதுதான். கொத்தனார், நல்ல மனிதர். அக்கா பலமுறை வீட்டுக்குப் போய்ப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்.

ஆபரேஷன் முகாம் நடந்த அன்று காலை நானும் என் ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு அக்காவின் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். முகாமுக்குக் கூட்டிப்போக வண்டி வந்து நின்றது. முருகேசன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைசீவி வந்தவர், வராந்தாவில் நின்றுவிட்டார். மைனர் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. கறுப்புக் கடுவன் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் வரலை” என்றார்.

“ஏன்யா, வண்டி நிக்குதுல்ல?”

“சாரத்துல ஏறி நிக்கிற பொழைப்புக்கா. இது மாதிரி ஆயிட்டேன்னா எம்புள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா?”

அக்கா அவரை உட்காரவைத்தார். “பூனைக்கு எடுத்தது விதையை. அதுனாலதான் அது கொணம் மாறிப்போச்சு. ஒனக்கு விதையைத் தொடக்கூட மாட்டாங்க. உயிரணு வர்ற குழாயை மட்டுந்தான் அடைப்பாங்க. ஒன் பலம், ஆசை, மீசை எல்லாம் அப்பிடியே இருக்கும். அது வேறய்யா, இது வேற.”

“நீங்கதானக்கா டீக்கடையில அப்பிடிச் சொன்னீங்க?”

அக்கா கறுப்புக் கடுவனை விரட்டிவிட்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். முருகேசன் இறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகு அக்கா அவரை விடவில்லை. கட்டடம் கட்டடமாகத் தேடிப்போய்ப் பேசினார். ஆணுறைகளைக் கொடுத்துக் கெஞ்சினார். அக்கா தெருமுனையில் வருவதைக் கண்டாலே முருகேசன் சாரத்தின் உச்சிக்கு ஏறிக்கொள்வாராம். சில மாதங்களில் செல்வி மறுபடி கருவுற்றாள். பயத்தில் மூடி மறைத்து, வெளியே தெரியும்போது கலைக்கும் நாள் கடந்துவிட்டது. மூச்சுத் திணறலோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. குழந்தையும் தங்கவில்லை. கூடப் போன அக்காதான் அந்தச் செய்தியோடு ஊருக்கு வந்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சொன்னார்.

அக்கா டீக்கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. போனார், பேசினார். ஆனால் கேலி போய்விட்டது. ஆபரேஷனைப் பற்றி எவர் கேட்டாலும், பூனைக்கு என்ன செய்வார்கள், மனிதனுக்கு என்ன செய்வார்கள் என்பதில்தான் தொடங்குவார். யாராவது பழைய பேச்சை எடுத்துச் சிரித்தால் எழுந்து வந்துவிடுவார். மைனர்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “அது என்ன பண்ணும், சிவனேன்னு கெடந்துச்சு. நாந்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்ல” என்பார். கிழடாகிச் சாகும்வரை அதற்குத் தன் கையாலேயே சோறு பிசைந்து வைத்தார்.

இதற்காக நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். “ஒரு கேலிப் பேச்சுல ஆளு செத்துருவாங்களாக்கா? நீங்களா அவளைக் கொன்னீங்க?” என்று கத்தியிருக்கிறேன்.

“அவன் ஏற்கெனவே பயந்துகிட்டு இருந்தான் சாந்தி. ஒதுங்கிப் போறதுக்கு ஒரு வழி வேணும்ல? அந்த வழிய நான் போட்டுக் குடுத்துட்டேன்” என்றார். ஓய்வு பெறும் நாளில் நாங்கள் மாலை போட்டபோதுகூட, எத்தனை குடும்பங்களுக்கு நல்லது செய்தீர்கள் என்று யாரோ பேசத் தொடங்க, “செல்வியச் சேக்காம சொல்லாதீங்க” என்று குறுக்கே சொன்னார்.

சாவு வீட்டில் நான் போய்ச் சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. பந்தலுக்கு வெளியே முருகேசன் நின்றிருந்தார். மூத்த மகளும் கூட வந்திருந்தாள், கல்லூரிக்குப் போகிறாளாம். அக்காதான் சேர்த்துவிட்டாராம். முருகேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா சொன்னதுனால இல்லீங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. “அன்னிக்கு வரும்போதே பயந்துக்கிட்டுத்தான் வந்தேன். வீட்டுலேருந்தே திரும்பிரலாம்னு இருந்தேன். பூனையைப் பாத்ததும் அதைச் சொல்லித் தப்பிச்சுட்டேன். டீக்கடைப் பேச்செல்லாம் அப்ப வாயில வந்தது. அந்தப் பூனை இல்லாட்டியும் நான் வண்டியில ஏறியிருக்க மாட்டேங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தல் என்றும் பார்க்கவில்லை. “இதை அந்தம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருசம் தன்னாலன்னே நெனைச்சுக்கிட்டு இருந்தாங்களே!” என்று கத்திவிட்டேன்.

“சொல்லத்தான் வந்தேன். ரெண்டு மூணு தடவை வாசல்வரைக்கும் வந்தேன். புள்ளைக படிப்பு எப்பிடிய்யா போகுதுன்னு அவங்க கேட்டாங்க. அதுக்குமேல வாய் வரலை” என்று சொல்லி அழுதார். திட்டிய வாயாலேயே அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்டவை உண்டு. டீக்கடை பெஞ்சில் கூசாமல் உட்காருகிறேன், நாக்கு நுனிவரை வந்த கேலியை விழுங்குகிறேன். ஆனால் அவருடையதென்று இப்போது என்னிடம் இருப்பது, அவருக்குப் போய்ச் சேராத முருகேசனின் அந்த ஒரு பேச்சுதான். அவரைத் தெரிந்தவர்களே, நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்: செல்வி செத்தது அக்கா சொன்னதனால் இல்லை.