அப்பா எந்த ரோட்டில் போனார்?

கர்த்தருக்குள் என் கூடப்பிறந்தவர்களைப் போன்ற உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு மேடையில் பேச வராது. எழுதினால் அழாமல் சொல்லி முடிக்கலாம் என்று எழுதுகிறேன்.

போன கோடையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது. சனிக்கிழமை காலை. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். கணவர் அலுவலகப் பயிற்சிக்காக ஐதராபாத் போயிருந்தார். நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தேன். வாசல் கேட் திறந்து கிடந்தது. கார் இல்லை. அப்பாவும் இல்லை. அவருடைய போன் சாப்பாட்டு மேசை மேலேயே இருந்தது. பக்கத்தில் தொடாத இட்லி.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மறதி நோய். டாக்டர் வண்டியே ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். சாவியை நான் அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருந்தேன். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. அதைவிட என்னைப் பயமுறுத்தியது அந்த இட்லிதான். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. காலை மாத்திரையை என் கண் முன்னால் போட்டுக்கொண்டார். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முன்பு ஒரு முறை அப்படித்தான் மயங்கி விழுந்தார்.

எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. "கடலூர் போய் உங்கம்மாவ இட்டுகினு வரணும். பஸ் ஸ்டாண்டுல குந்திகினு கீறா." அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

எந்த வழியாகப் போயிருப்பார் என்பதுதான் தெரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து கடலூருக்கு இரண்டு வழி. ஜிஎஸ்டி ரோட்டில் மதுராந்தகம், திண்டிவனம் என்று உள்பக்கமாகப் போகலாம். இல்லையென்றால் திருக்கழுக்குன்றம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, கடலோரமாகவே இறங்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தகவல் சொல்கிறோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சி அவர் காரை வாங்கிக்கொண்டேன். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் மார்க்கெட், சர்ச் இரண்டையும் தாண்டித் தனியாகப் போனதே இல்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இதுல யோசிக்க இன்னா இருக்கு? ஜிஎஸ்டிலதான் போயிருப்பாரு. சர்வீஸ் பூரா அந்த ரோட்டுலதான பஸ் ஓட்டுனாரு. நீ கெளம்பு எஸ்தர், நான் அப்புறம் பேசறேன்" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் டோல்கேட் இருக்கிறது. எங்கள் வண்டி அதைத் தாண்டினால் என் போனுக்கு மெசேஜ் வர வேண்டும். வரவில்லை. மெசேஜ் தாமதமாக வருவதும் உண்டு. டோலுக்கு முன்னாலேயே எங்கேயாவது நிறுத்தியும் இருக்கலாம். ஊர் எல்லையில் காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஜெபித்தேன். ஆண்டவரே, வலதா இடதா என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எந்தப் பதிலும் வரவில்லை. சத்தம் இல்லை, வசனம் நினைவுக்கு வரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்ததுதான் மிச்சம். பதில் கிடைத்தவர்களின் சாட்சியை எத்தனையோ கேட்டிருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கோபம் வந்தது. அண்ணன் சொன்ன ரோட்டிலேயே போனேன்.

வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளைக் கார் ஒவ்வொன்றும் எங்கள் கார் மாதிரியே தெரிந்தது. பாலாற்றுப் பாலத்தில் போகும்போது, திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அடுத்த நிமிடம், திரும்பினால் இங்கே தவறவிட்டுவிடுவோமோ என்று நினைத்தேன். டீக்கடைகளில் நிறுத்தி அப்பா போட்டோவைக் காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் ஓட்டினேன். ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று வாய்விட்டே கேட்டேன்.

மதுராந்தகம் ஏரிக்கரை வந்ததும் என்னால் முடியவில்லை. இறங்கி நின்றேன். ஏரியில் தண்ணீர் வற்றி, நடுவில் மாடுகள் மேய்ந்தன. அங்கே என் ஜெபம் மாறிவிட்டது. நானாக மாற்றவில்லை. என்னால் தேட முடியாது, நீங்கள் தேடுங்கள் என்றேன். நான் இந்த ரோட்டில் நிற்கிறேன், நீங்கள் எந்த ரோட்டில் வேண்டுமானாலும் இருங்கள், அவரை விட்டுவிடாதீர்கள் என்றேன். காரில் ஏறி உட்கார்ந்தேன். போன் அடித்தது. தெரியாத எண்.

"யாரும்மா? ஒரு வெள்ளக் காரு, கண்ணாடில இந்த நம்பர் ஒட்டிகீது. உள்ள ஒரு பெரியவரு..."

"எங்கப்பா! எங்கப்பாதான்! உயிரோட இருக்காரா?"

"கீறாரு, கீறாரு. பயப்படாத. தண்ணி குடுத்துகினு கீறோம். கண்ணாடிய ஒடச்சிட்டோம்மா, கோச்சிக்காத. உள்ளார பூட்டிகினு சுருண்டு கெடந்தாரு."

காரை வழியை மறித்து நிறுத்தியிருந்தால் கூப்பிடட்டும் என்று என் கணவர் என் எண்ணைக் கார்க் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும், ஏதாவது இனிப்பாகக் கொடுங்கள் என்று கத்தினேன். மறுமுனையில் அந்த அம்மா யாரையோ விரட்டுவது கேட்டது. "சக்கர எட்த்தா, ஓடு!"

கல்பாக்கம் தாண்டி, கூவத்தூருக்கு முன்னால், கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். பவுஞ்சூர் வழியாகக் குறுக்கே போனேன். சவுக்குத் தோப்பு ஓரத்தில் எங்கள் கார் மணலில் புதைந்து நின்றது. அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவர் தலையில் ஈரத் துண்டு போட்டிருந்தார்கள்.

"ஏம்பா இந்த ரோட்ல வந்த?" என்றேன். அழுகையில் வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"ஜிஎஸ்டில ஒரே டிராபிக்குமா" என்றார் அப்பா.

போன் செய்த அம்மாவின் பெயர் செல்வி. மீன் விற்கிறவர். அவர் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் மீன் கூடையோடு மகாபலிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறியிருக்கிறார். தோப்போரம் கார் நிற்பதைப் பார்த்திருக்கிறார். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் தூங்குகிறார்கள் என்று நினைத்தாராம். ஆட்டோ கிளம்பிக் கொஞ்ச தூரம் போய்விட்டது.

"இன்னாவோ தெரியலம்மா, மனசு கேக்கல. குந்தவே முடியல. நிறுத்துப்பான்னு எறங்கி, கூடையத் தூக்கிகினு நடந்தே வந்தேன். தட்டுனா அசையல. எங்கூட்டுக்காரரக் கூவி கல்ல எட்த்து ஒடச்சோம்."

எப்போது என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் பாலாற்றுப் பாலத்தில் கர்த்தரைத் திட்டிக்கொண்டு போன நேரம். எனக்கு இருந்த அதே தவிப்பு, அதே நேரத்தில், இன்னொரு ரோட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கும் இருந்திருக்கிறது. நான் ஏரிக்கரையில் சரியாக ஜெபிப்பதற்கு முன்பே அவர் திரும்பி நடந்துவிட்டார்.

"எங்க குப்பத்துச் சாமி கன்னியம்மாதான் திருப்பி வுட்டா" என்றார் செல்வி அக்கா. நான் வாதாடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மீன் வாசம் வீசிய அந்தக் கையை விட மனமே வரவில்லை. யார் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும், அது போதும்.

ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெயிலில் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். அப்பாவின் மறதி குணமாகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இது உண்மையான சாட்சி ஆகாது. இப்போதும் அம்மாவை அழைத்து வரக் கிளம்புகிறார். நான் கூடவே தெருமுனை வரை நடந்து, பேசிப் பேசித் திருப்பி அழைத்து வருகிறேன்.

ஆனால் நான் மாறிவிட்டேன். யாராவது ஒருவர் ஞாபகம் வந்து மனசு கேட்கவில்லை என்றால், இப்போதெல்லாம் தள்ளிப்போடுவதில்லை. போய்ப் பார்த்துவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு காபி குடித்துவிட்டு வருவேன். இரண்டு வாரத்துக்கு முன், சர்ச்சில் எனக்குப் பின் வரிசையில் உட்காரும் ஒரு சகோதரி வீட்டுக்கு அப்படித்தான் போனேன். கதவைத் திறந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உங்களில் யாராவது இன்றைக்கு இரண்டு வழிக்கு நடுவில் நின்று தவித்துக்கொண்டிருக்கலாம். ஜெபித்தும் ஒரு பதிலும் வரவில்லை என்று மனம் கசந்திருக்கலாம். கோபமாக இருந்தாலும் அவரிடமே பேசுங்கள். எனக்கு அவர் கடைசிவரை வழி சொல்லவே இல்லை. நான் போனது தப்பான ரோடுதான். ஆனாலும் என் அப்பா கிடைத்தார். உங்களையும் நம்பச் சொல்வது இதைத்தான்: நீங்கள் இல்லாத இடத்திலும் அவர் இருக்கிறார்.