அழைத்த வீடுகளின் கோப்பு

அக்காவின் திருமணத்துக்கு அழைத்த வீடுகளின் பெயர்களைக் காக்கும் பொறுப்பை நானே வலிந்து கேட்டுப் பெற்றேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி என் கைக்கு வந்திருந்தது. அதில் பைத்தான் என்ற கணினி மொழியில், தட்டும் பெயர்களைக் கோப்பில் எழுதிவைக்கவும் கேட்கும்போது படித்துக்காட்டவும் ஒரு சிறு நிரல் செய்திருந்தேன். இனிக் குறிப்பேடே வேண்டாம் என்று நான் பெருமையடித்ததை அப்பா நம்பிவிட்டார்.

எங்கள் உறவில் அழைப்பிதழைத் தபாலில் அனுப்புவது அவமதிப்பு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு தேடிச் சென்று அழைக்க வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் அந்த மனத்தாங்கல் எளிதில் ஆறாது. அப்பாவும் அம்மாவும் ஒருநாள் அடி அண்ணாமலை, மறுநாள் நகரத் தெருக்கள் என்று அலைந்துவிட்டு மாலையில் பெயர்களைச் சொல்வார்கள்; நான் தட்டுவேன்.

திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் முழுப் பட்டியலையும் வாசிக்கச் சொன்னார் அம்மா. திரையில் முந்தைய மாலையின் ஒன்பது பெயர்களே இருந்தன. நிரலில் கோப்பை ‘டபிள்யூ’ என்ற எழுத்தைக் குறித்துத் திறந்தால் பழையவை துடைக்கப்படும். ‘ஏ’ என்று குறித்துத் திறந்தால்தான் புதியவை இறுதியில் சேரும். இதை அறியாமல் ஒவ்வொரு மாலையும் முந்தைய மாலையை நானே அழித்திருந்தேன்.

“மத்த பேரெல்லாம் எங்கடி?” என்றார் அம்மா.

“வுடுங்க அண்ணி, கம்ப்யூட்டரு பசியில துன்னுடுச்சு” என்றார் சித்தப்பா.

நான் அழத் தொடங்கினேன். அப்பா மட்டும் கோபிக்கவில்லை. “எல்லா வீட்டுக்கும் திரும்பப் போவோம். ரெண்டு தரம் கூப்ட்டா மரியாத ஜாஸ்திதான், கம்மியாவாது.”

குற்றவாளி என்ற முறையில் நானும் உடன் சென்றேன். “போன வாரந்தான வந்தீங்க? நாங்க வரமாட்டோம்னு பயமா?” என்று வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். கடைசி நாள், கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா வீட்டு வாசலில் வண்டி நின்றது. கிணற்று நீர் பாய்ச்சும் முறை பற்றிய சச்சரவில், அவரும் அப்பாவும் பேசி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“அண்ணா, இங்க வந்து கூப்ட்டனா இல்லயானு நெனப்பே இல்ல” என்றார் அப்பா, தாம்பாளத்தை ஏந்தியபடி. “பாப்பா எல்லாத்தையும் அழிச்சிட்டா.”

“இல்லப்பா, இந்த வீட்டுப் பேர நீங்க சொல்லவே…” என்று உண்மையை நிலைநாட்ட முற்பட்டேன். அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின.

பெரியப்பா என்னையே நெடுநேரம் நோக்கினார். “நீதான் அழிச்சியா?”

அஞ்சித் தலையசைத்தேன்.

“அதுக்கின்னா இப்போ? வெயில்ல நிக்காத, உள்ள வா” என்றவர், தாம்பாளத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி வண்டியோட்டினார். ஆறு ஆண்டுகள் பேசாதிருந்த வீட்டுக்குப் போகவில்லை என்பதையே மறந்துவிடும் அளவுக்கு அவருக்கு ஞாபகம் குன்றிவிட்டதே என்று எண்ணி, பின்னிருக்கையில் நான் மிகவும் வருந்திக்கொண்டு வந்தேன்.