நாற்காலிக்கு நாற்காலி போன குழந்தை

எங்கள் பட்டறையில் அவளை எல்லோரும் 'ஆமா அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மறதி நோய் வந்தவர்களுக்குத் துணையாக நாங்கள் செய்த ரோபோ என்ன பேச வேண்டும் என்று எழுதுவது அவள் வேலை. நான் அதன் கழுத்துக்கு மோட்டார் பூட்டுகிறவன். அவள் வார்த்தைக்கு என் மோட்டார் தலையாட்டும்.

பொம்மை என்று சொல்லிவிட்டால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "குட்டின்னு சொல்லு. உன்ன யாராச்சும் ஸ்பேனர்னா கூப்பிடுறாங்க?"

அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. குட்டி யாரையும் மறுத்துப் பேசக் கூடாது. என் புருஷன் வேலைக்குப் போயிருக்கார் என்று ஒரு அம்மா சொன்னால், அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆயிற்று என்று குட்டி சொல்லாது. "ஆமா, எப்ப வருவார்?" என்று கேட்கும். "தெனம் ஒரு தடவ சாவு சேதி சொல்லி அழ வைக்கணுமா?" என்பாள் அக்கா.

அவளுடைய அப்பாவுக்கும் அதே நோய்தான். லாரி ஓட்டியவர், இப்போது ஒரு காப்பகத்தில் இருந்தார். ஊர், உறவு எல்லாம் மறந்தும், அவள் படியேறும் சத்தம் கேட்டால் "பாப்பா வந்துட்டா" என்பார். "அது ஒண்ணுதான்டா எனக்கு மிச்சம். அதுவும் போச்சுன்னா தாங்க மாட்டேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

முதல் குட்டியை அந்தக் காப்பகத்தில்தான் வைத்தோம். ஆறு பேருக்கு ஒரு குட்டி. ஒருவர் சொன்னதை நினைவில் வைத்து, மறுநாள் அவரிடம் அதையே பேச்செடுக்கும். ஆளை அடையாளம் காணக் கேமரா வைக்கலாம் என்றேன். "துணி மாத்துற எடத்துல கேமராவா? உங்கம்மாவா இருந்தா வைப்பியா?" என்றாள். கேமராவுக்குப் பதிலாக ஆறு நாற்காலிகளுக்கு அடியிலும் ஆளுக்கொரு எண் போட்ட மின்வில்லை (சிப்) ஒட்டினோம். எந்த நாற்காலி என்பதை வைத்துக் குட்டி ஆளைத் தெரிந்துகொள்ளும்.

சொந்த வீடு எது என்றே தெரியாதவர்கள் சொந்த நாற்காலியில் மட்டும் தவறாமல் உட்காருவார்கள் என்று நம்பினோம் பாருங்கள். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா மூன்று மாதம் வேறொரு ஊரில் வேலையாக இருந்தாள். திரும்பியதும் ஒரு மத்தியானம் என்னையும் அழைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். நல்ல மழை. ஹாலில் அக்காவின் அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் குட்டி, ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் செத்துப்போன பொண்ண நெனச்சு அழுவுறாங்க" என்றாள் நர்ஸ். "ஆனா எல்லாரும் ஒரே பொண்ணத்தான் சொல்றாங்க. ஏழு வயசு, மஞ்சக் கவுன், குளத்துல முங்கிப் போயிருச்சுன்னு. அந்த ஓரத்துல இருக்கிற ரிட்டயர்டு டீச்சருக்குக் கல்யாணமே ஆகல. அவங்களும் என் வயித்துல பொறந்ததுங்கிறாங்க."

குட்டியின் பதிவுகளை அங்கேயே லேப்டாப்பில் திறந்து படித்தோம். அந்தக் குழந்தை ஆறாவது ஆளான தையல்கார அம்மாவுடையது. அவர் தினம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதே கதையைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்த நாற்காலிக்காரரிடம் குட்டி, "குளத்துல போன உங்க பாப்பாவைப் பத்திப் பேசலாமா?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறது. ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். குட்டி எல்லாவற்றுக்கும் ஆமா போட்டது. தையல்கார அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. 'தாடையில் தழும்பு இருக்கும்' என்று கடைசியாகச் சேர்த்தது அக்காவின் அப்பா.

நான் அக்காவின் தாடையிலிருந்த தழும்பைப் பார்த்தேன். நிமிர்ந்தால், டீச்சரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற மூவரும் பார்த்தார்கள். அழுகை நின்றுவிட்டது.

"எப்படி வளந்துட்டா பாருங்க" என்றார் டீச்சர்.

முதல் வேலையாகக் குட்டியின் பேட்டரியைப் பிடுங்கினேன். பதிவை அழித்தால் அது மறந்துவிடும். காலையில் தின்ற சோற்றை மறக்கிற இவர்கள் இந்தக் குழந்தையை மறக்கவே போவதில்லை என்று மட்டும் ஏனோ நிச்சயமாகத் தெரிந்தது.

அக்கா அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அன்று அவள் படியேறியபோது அவர் 'பாப்பா வந்துட்டா' என்று சொல்லவில்லை.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா தன் சட்டத்தை முதல் தடவையாக மீறினாள். "அப்பா, நாந்தாம்பா பாப்பா. நான் சாகல. அது வேற யாரோ கொழந்த. இங்க பாருங்க, உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கேன்."

அவர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். மழையில் நனைந்து வந்த அவள் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கண் நிறைந்தது. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, சத்தியமாகத் தெரிந்துவிட்டது.

"பாப்பா" என்றார். "தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சாம்மா?"

அக்கா மறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மறுத்தால் அவர் மறுபடியும் 'யாரும்மா நீங்க' என்பார் என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"மொதல்ல ஜில்லுனுதாம்பா இருந்துச்சு" என்றாள். "அப்புறம் ஒண்ணும் தெரியல."