புவனாவின் நாலாவது செட்டிங்

புவனா வீட்டில் குழம்பு ஒன்றுதான், தட்டுக்குத் தட்டு ருசி வேறு. வீட்டுக்காரர் சரவணனுக்கு உப்புக் குறைய வேண்டும், மாமனாருக்குக் காரம் ஆகாது, மகளுக்கோ தேங்காய் போட்டது கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதனால், தொண்ணூற்றொன்பதில் துடியலூரில் இருந்த அவர்கள் ஸ்டுடியோவுக்கு டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்தபோது, சரவணன் திகைத்து நின்ற இடத்தில் அவள் சட்டென்று புரிந்துகொண்டாள்.

கேமராவிலிருந்து படங்களை இறக்கும் சாஃப்ட்வேரில், எந்த வேலைக்கு எப்படி இறக்குவது என்று ஒருமுறை சொல்லிப் பெயர் வைத்துச் சேமித்துவிடலாம். அப்புறம் பெயரை மாற்றினால் போதும். புவனா அப்படி மூன்று செட்டிங் வைத்திருந்தாள். 'கல்யாணம்' என்றால் பெரிய படம், முழு வண்ணம். 'பாஸ்போர்ட்' தனி. 'மோட்டார்', பம்ப்செட் கம்பெனி வேங்கடசாமியின் விலைப்பட்டியலுக்கு: சின்னப் படம், கறுப்பு வெள்ளை, இறக்கியதும் கேமராவின் மெமரி கார்டையும் துடைத்துக் காலியாக்கிவிடும்.

கல்யாணத்துக்கு ஃபிலிம்தான் என்பது சரவணனின் கட்சி. ஆனால் கிணத்துக்கடவில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு அவர் அக்காவை உட்காரவைத்து இணைச்சீர் செய்த நேரம் பார்த்து ஃபிலிம் தீர்ந்துபோனது. சரவணன் ரோல் மாற்றுவதற்குள் புவனா டிஜிட்டலில் எடுத்துவிட்டாள். அக்கா பூவாத்தாள் தம்பியைப் பார்த்துச் சிரித்த ஒரு படம் அருமையாக விழுந்திருந்தது. சுவரில் மாட்டப் பெரிதாகப் போட்டுத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தாள். அவள் எடுத்த படம் ஒன்று அடுத்தவர் வீட்டுச் சுவருக்குப் போவது அதுதான் முதல்முறை.

மறுநாள் அந்தப் படங்களை இறக்க உட்கார்ந்தபோது வேங்கடசாமி வந்தார். வந்தவரைக் காக்கவைப்பதாவது! கல்யாணப் படங்கள் இருந்த கார்டை அப்படியே வைத்துவிட்டு, 'மோட்டார்' செட்டிங்குக்கு மாற்றி அவர் பம்ப்செட் படங்களை இறக்கிக் காட்டி, காப்பியும் கொடுத்து அனுப்பினாள். பிறகு கல்யாணக் கார்டைப் போட்டாள். செட்டிங்கை மாற்றவில்லை.

இணைச்சீர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில், போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் தாங்காத படங்களாக வந்து நின்றது. கார்டு காலி. சரவணன் திட்டவில்லை. ஃபிலிமைக் காப்பி குடிக்கிற நேரத்தில் யாரும் அழிக்க முடியாது என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டே தேவலை.

பூவாத்தாள் வந்ததும் புவனா மழுப்பவில்லை.

"தப்பு என்னுதுங்க அக்கா. படம் சின்னதாப் போச்சு, கலரும் போயிருச்சுங்க. பெருசு பண்ணுனா கட்டங் கட்டமா ஒடஞ்சு போகுமுங்க."

பூவாத்தாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது நான் கட்டியிருந்த சேலையா?"

"அதேதானுங்க."

"பொண்ணூட்டுல எடுத்துக் குடுத்த கிளிப்பச்சை. கட்டாம இருக்க முடியுமா? கிளியாட்ட உக்கோந்திருந்தேன்னு எங்கூட்டுக்காரரு இன்னும் சிரிச்சுப்போட்டுத் திரியறாரு. இதுல பாரு, என்னமோ காஞ்சிவரமாட்ட இருக்குது."

சின்னப் படத்தில் ஆறு பிரதி கேட்டார். முதல் பிரதி தன் வீட்டுக்காரருக்காம். அப்புறம் சுவர் விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம தம்பியக் கூட்டியாரேன். செவுத்துக்குப் பெருசா எடு. இதே மாரி கலரில்லாம இருக்கோணும். உன்ற ஊட்டுக்காரரு வேண்டாம் அம்மணி, நீயே எடு."

உள்ளே லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த சரவணனுக்கு அது கேட்காமல் இருக்க வழியில்லை.

பூவாத்தாள் போனதும் புவனா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெரிய படம், கறுப்பு வெள்ளை. கார்டைத் துடைக்கும் இடத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். 'அக்கா' என்று பெயர் வைத்துச் சேமித்தாள். சரவணன் எட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஃபிலிம் கேமராவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"வெச்சுக்குங்க, உங்களுக்கு மனசு ஆறும்" என்றாள்.